வெள்ளி விரிப்பும் வெந்த காலும்

பழைய ஆஸ்டின்-ஹீலி 3000 காரைப் புதுப்பித்து முடித்தவர்கள் இப்போது பெயின்ட்டைக் காட்டுவதற்கு முன்பே கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அடியில், சந்து பொந்து விடாமல், ஃபாயில் பதித்த பியூட்டைல் விரிப்பு வெள்ளியாய்ப் பளபளக்கிறது. இனி உள்ளே எஞ்சின் சூடு வராதாம். இந்த நம்பிக்கை தவறு என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஹீலியின் சூடு ஊரறிந்த விஷயம். 2912 சிசி, ஆறு சிலிண்டர் எஞ்சின் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்கு இருபுறமும்தான் கால் நீட்ட இடம். காலுக்குக் கீழே சைலன்சர் குழாய். 1959 முதல் 1967 வரை உற்பத்தியான இந்த காரின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. கலிஃபோர்னிய வெயிலில் அதை ஓட்டியவர்கள் பட்ட பாடு உண்மையானது.

விரிப்பால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. தகரத்தின் அதிர்வை அது நன்றாகவே அடக்குகிறது. மேலே நுரைப் பாய் ஒன்றும் சேர்த்தால் சூடு ஏறுவது தாமதமாகும்.

தாமதமாகும், அவ்வளவுதான். ஃபாயில் வெப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் அதன் முன்னால் காற்றிடைவெளி இருக்க வேண்டும். இங்கே ஒருபக்கம் சுட்ட தகரத்தில் பசையோடு ஒட்டியிருக்கிறது, மறுபக்கம் கார்ப்பெட் அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் நசுங்கிய அலுமினியம் எதைத் திருப்பி அனுப்பும்? அதே அலுமினியத்தைத் தரைக்கு வெளியே, குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவில், விரல் நுழையும் இடைவெளி விட்டு மாட்டினால் அது வேலை செய்யும். குழாயையே கவனித்தால் இன்னும் நல்லது. அதன் மேற்பரப்பு 400 டிகிரி செல்சியஸிலிருந்து 300-க்கு இறங்கினாலே கதிர்வீச்சாக வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அதைவிடப் பெரிய குற்றம், சூடு வரும் வாசலையே இந்த விரிப்பு மறக்கடிப்பது. எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் ஸ்டியரிங் தண்டுக்கு, வயருக்கு, ஹீட்டர் ஹோஸுக்கு என்று எத்தனை துளைகள்! ரப்பர் குரோமெட்டுகள் காய்ந்து உதிர்ந்திருக்கும். கியர்பாக்ஸ் உறையின் ஓரப் பட்டை போயிருக்கும். திறந்த கார் ஓடும்போது கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, எஞ்சின் அறைக் காற்று அந்த ஓட்டைகள் வழியே உள்ளே இழுபடுகிறது. சூடான காற்று வரும் வழியில் கார்பன் மோனாக்சைடும் வரலாம். அதற்கு மணம் கிடையாது. ஹீட்டர் வால்வு சரியாக மூடாமல் கோடையிலும் கொதிநீர் ஓடிக்கொண்டிருக்கும் கார்களும் உண்டு. 1955-இல் வந்த ஹீலி 100எம் காரின் பானெட்டில் பிளவுகள் வெட்டியிருந்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டுக்கு வெளியேற வழி வேண்டும் என்பது எழுபது வருடத்துக்கு முன்பே தெரிந்த பாடம்.

மூன்று வருடத்துக்கு முன் விரிப்பு ஒட்டிய ஒரு ஹீலியின் தரையை உரிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஹீட் கன்னைக் காட்டிப் பட்டைக் கத்தியை நுழைத்ததும் கருப்புப் பசை நூல் நூலாக இழுபட்டது. ஓரத்தில் ஈரம். அதற்கடியில் உள்ளங்கை அகலத் துரு, கத்தி முனை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே பார்த்தால் குரோமெட் இல்லாத துளை. சூடு வந்த அதே வழியில் மழையும் வந்திருக்கிறது. விரிப்பு இரண்டையும் தடுக்கவில்லை, தண்ணீரைக் காயவிடாமல் பிடித்து வைத்திருந்தது. இதற்குப் பெயர் பராமரிப்பு அல்ல, மூடி மறைப்பது.

விரிப்பு வாங்கக் கிளம்புமுன் ஓர் இரவு எஞ்சின் அறைக்குள் டார்ச்சை எரியவிட்டு பானெட்டை மூடுங்கள். பெடலுக்கடியில் தலையை நுழைத்து, வெளிச்சம் கசியும் ஒவ்வொரு புள்ளியையும் சாக்கட்டியால் குறியுங்கள். முதலில் அவற்றை அடையுங்கள்.