திருப்பதி வெயிலில் ஓர் இரட்டைச் சிப் கார்டு

ஒரே பலகையில் இரண்டு சிப்புகளைப் பதித்துச் செய்த கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பவரிடம், அதை எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு உஷ்ணமுள்ள அறையில் ஓட்டப்போகிறீர்கள் என்று முதலில் விசாரிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். மேல்நாட்டு விமர்சகர்கள் வெளியிடும் அளவுகள் பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி வரை குளிர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. கீழ்த்திருப்பதியிலோ மே மாதத்து நண்பகல் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். மின்விசிறி மட்டுமே உள்ள மாடியறையின் காற்றும் அதற்கு வெகுவாகப் பின்தங்குவதில்லை.

இவ்விஷயத்தைப் பரீட்சித்துப் பார்க்க எனக்கு வாய்த்தது, என்விடியா நிறுவனம் 2012 மே மாதத்தில் 999 டாலர் விலைக்கு வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 690. சித்தூரில் கிரானைட் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், தம் கற்பலகைகள் சமையலறை மேடையிலும் கூடத்துத் தரையிலும் பதித்தபின் எப்படித் தோன்றும் என்பதை வாடிக்கையாளருக்குப் படமாக்கிக் காட்டும் பொருட்டு, ஒருவர் உபயோகித்துக் கழித்த அந்தக் கார்டை வாங்கி வைத்திருந்தார். அவருடைய கடையிலும், பிறகு திருப்பதியில் என் வீட்டிலும் அதை ஓட்டிப் பார்த்தேன். விசிறியைத் தாங்கும் மக்னீசியக் கலப்புலோகக் கூடும் குரோமியம் பூசிய அலுமினியச் சட்டமும் இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணுக்கு நிறைவானவை. ஒவ்வொன்றிலும் 1,536 கோர்கள் கொண்ட இரண்டு சிப்புகள், அவற்றுக்கு நடுவே போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் ஓர் இணைப்புச் சிப், இரண்டுக்கும் தனித்தனியே 2 ஜிபி நினைவகம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 வாட் மின்சாரம் என்பது இதன் அமைப்பு.

அந்த 300 வாட்டும் முடிவில் உஷ்ணமாகவே வெளிப்பட்டாக வேண்டும். ஹீட் சிங்க் எவ்வளவு உயர்ந்ததாயினும், சுற்றியுள்ள காற்றைவிடச் சிப்பைக் குளிர்விக்க அதற்குச் சக்தியில்லை. காற்றுக்கும் சிப்புக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தைக் குறைத்துத் தருவது ஒன்றே அதன் காரியம். 25 டிகிரி அறையில் ஒரு சிப் 80 டிகிரியில் நிலைத்து நிற்குமானால் வித்தியாசம் 55; அதே விசிறி வேகத்தில், அதே வேலையை, 38 டிகிரி அறையில் செய்யச் சொன்னால் அது 93 டிகிரியை எட்டும்; உற்பத்தியாளர் விதித்த உச்ச வரம்போ 98. அவ்வளவு தூரம் போகவிடாமல் விசிறி வேகமெடுக்கிறது, ஏ.சி. அறையில் காதில் விழாதிருந்த அதன் ஓசை பக்கத்து அறைவரை கேட்கிறது. விசிறியாலும் ஆகாதபோது சிப்பே தன் வேகத்தைப் படிப்படியாகத் தணித்துக்கொள்கிறது. இதன் அடிப்படை வேகம் 915 மெகாஹெர்ட்ஸ். உஷ்ணமும் மின்சாரமும் இடங்கொடுக்கும்போது எட்டக்கூடியதாகக் குறிக்கப்பட்ட வேகம் 1,019. சித்தூரில் இரவு நேரத்தில் இந்த மேல் எல்லையை எளிதில் தொட்ட கார்டு, திருப்பதியின் பிற்பகலில், ஏ.சி. இல்லாத அறையில், அடிப்படை வேகத்தை நோக்கிச் சரிந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். ஒன்றரை டன் ஏ.சி. ஏறத்தாழ 5,200 வாட் உஷ்ணத்தை வெளியேற்றவல்லது. முழு வேகத்தில் ஓடும் இத்தகைய கணிப்பொறி அதில் பத்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். ஆகவே மின்கட்டணத்தையும் கார்டின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

விசிறி நடுவில் அமைந்திருப்பதால், ஒரு சிப்பின் வெப்பக்காற்று கேபினெட்டின் பின்புறமாக வெளியேற, மற்றதன் வெப்பக்காற்று கேபினெட்டுக்குள்ளேயே முன்புறம் நோக்கி வீசி ஹார்ட் டிஸ்க்கைச் சுடவைக்கிறது. மேற்புறத்தில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்திய பிறகே நிலைமை சீர்பட்டது. கல்லறுக்கும் பட்டறைகள் சூழ்ந்த சித்தூரில் இன்னொரு விசேஷச் சங்கடமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மென்மையான கற்பொடி, ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே படிந்து காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. புளோயர் வைத்து அதை அகற்றி, உலர்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றியவுடன், சிப்புகள் இரண்டும் கண்கூடாகத் தணிந்தன. பழைய கார்டு வாங்குகிறவர்கள் இவ்விரண்டு காரியங்களையும் முதல் நாளே செய்துவிடுவது அவசியம்.

வேகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு வேலையைப் பொறுத்தது. நண்பரின் கற்பலகைப் படங்களைப் போல, துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடத்தக்க வேலையில் இரண்டு சிப்புகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ இரட்டிப்புப் பலன் தருகின்றன. விளையாட்டுகளில் அப்படியில்லை: ஒரு சிப் ஒரு காட்சியையும் மற்றது அடுத்த காட்சியையும் மாறி மாறி வரைவதால், அவை சீரான இடைவெளியில் திரைக்கு வராதபோது, எண்ணிக்கையில் வேகம் கூடியும் கண்ணுக்குத் தடுமாற்றமே தெரியும். நினைவகமும் கூடுவதில்லை; இரண்டு சிப்புகளும் ஒரே காட்சி விவரங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்வதால், 4 ஜிபி என்று விளம்பரப்படுத்தப்பட்டது விளையாட்டுக்கு 2 ஜிபி தான். இரட்டைச் சிப்புகளுக்கான எஸ்.எல்.ஐ. ஏற்பாட்டில் 2021 ஜனவரி முதல் புதிய விளையாட்டுகளை நிறுவனமும் சேர்ப்பதில்லை.

இந்த வம்சத்தில் 690 நிதானமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏஎம்டியின் 6990 (2011) 375 வாட் இழுத்து, ஒரு சுவிட்சைத் தள்ளினால் 450-க்குப் போனது. 2014 ஏப்ரலில் வந்த 295எக்ஸ்2, 500 வாட்டுக்காகத் தண்ணீர்க் குழாய்களையே துணைக்கழைத்தது. தண்ணீர் வந்துவிட்டால் வெயிலைப் பற்றிக் கவலையில்லை என்று நினைப்பது பிழை. அந்தத் தண்ணீரும் 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்றின் வழியே அறைக் காற்றில்தான் ஆறியாக வேண்டும். மேலும் அதன் உஷ்ண வரம்பு 75 டிகிரி. 25 டிகிரி அறையில் 50 டிகிரி இடைவெளியில் வேலை செய்யும் அது, 38 டிகிரி அறையில் 37 டிகிரிக்குள் அடங்கியாக வேண்டியிருப்பதால், கோடையில் அதிகமாகத் துன்பப்படக்கூடியது அதுவே.

என் தீர்ப்பு இது. ஏ.சி. அறையும், தரமான எஸ்.எம்.பி.எஸ்ஸும், 2 ஜிபிக்குள் அடங்கும் படவேலையும் உடையவர், கையில் ஏற்கெனவே உள்ள 690-ஐ இன்னும் சில காலம் வைத்து உபயோகிக்கலாம். புதிதாகத் தேடிப் போய் வாங்க வேண்டாம்: 2021-ஆம் ஆண்டோடு விளையாட்டு டிரைவர்களும், 2024 செப்டம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்களும் இதற்கு நின்றுவிட்டன. மலிவாகக் கிடைக்கிறதே என்று இதற்குச் செலவிட எண்ணும் பணத்தோடு சற்றே சேர்த்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒற்றைச் சிப் கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுமாறு இவ்விரு ஊர் வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.