தண்ணீர்மலையில் கள ஆய்வு: படியை எண்ணினால் போதுமா?

தைப்பூச இடுபணிகளைத் திருத்திய ஆசிரியர்களுக்கு இது தெரிந்த கதைதான். தண்ணீர்மலைக்கு 513 படி, வெள்ளி ரதம் வந்தது 1894இல், தங்க ரதம் 2017இலிருந்து, நடுவில் அலகு குத்தியவரின் படம். தகவல் சரி, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே எழுதலாமே, களத்துக்குப் போனது எதற்கு?

என் வகுப்பில் ஒரு மாணவன் தன் இடுபணியைத் திரையில் காட்டினான். அருள் வந்து ஆடும் ஒரு பெண்ணின் முகம், பெரிதாக. பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அது எங்க அத்தை. மறைக்கச் சொல்லுங்க." அவன் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு ஆங்கில நூல்களை அருகருகே வைத்துப் படித்தேன். எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் எழுதிய 'பியர்ஸ்ட் பை முருகன்ஸ் லான்ஸ்' (1997) நம் பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றியது. 'தைப்பூசம் இன் மலேசியா' (2017) எழுதிய கார்ல் வடிவேலா பெல் ஓர் ஆஸ்திரேலியர். தாமே காவடி எடுத்தவர்.

காலின்ஸிடம் எனக்குப் பிடித்தது, சடங்கை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்ப்பது. அந்த வழியில் கேட்டுப் பாருங்கள், செத்துக்கிடக்கும் தகவல் எழுந்து உட்காரும். செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதம் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்து வருகிறது. ஒரே விழாவுக்கு ஏன் இரண்டு ரதம்? ஓர் இடுபணிக்கு இந்தக் கேள்வி போதும். ஆனால் நேர்த்திக்கடனை விளக்க அவர் உளப்பகுப்பாய்வுக்குப் போகும்போது என்னால் கூடவே போக முடியவில்லை. "முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அதற்கு அடியில் வேறொன்று இருப்பதாக நாம் முடிவுகட்டுவதும் கேட்காமல் எடுத்த படம் மாதிரிதான்.

காவடி வெறும் உடல்வதை என்ற பழைய பார்வையை பெல் மறுக்கிறார். விரதத்திலிருந்து தொடங்கிப் பார்க்கிறார். பக்தரின் பக்கம் கொஞ்சம் சாய்கிறார்தான், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அதற்காக மாணவர்களே, இடுபணிக்காகக் காவடி எடுத்துவிடாதீர்கள்!

தண்ணீர்ப் பந்தலில் இரண்டு மணி நேரம் மோர் ஊற்றிக் கொடுங்கள், பேச்சு தானாக வரும். "வலிக்குமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் கேட்பது அது. எத்தனை வருஷமாக எடுக்கிறார், விரதத்தில் வீட்டில் யார் சமைத்தார் என்று கேளுங்கள். தேங்காய் உடைக்க வரும் சீனர்களையும் விட்டுவிட வேண்டாம். அருள் வந்திருப்பவரிடம் அனுமதி வாங்க முடியாது. இறக்கி, சாப்பிட்டு, ஓய்ந்த பிறகு கேளுங்கள். முடியாது என்றால் படத்தை அழித்துவிடுங்கள்.

அந்த மாணவன் பிறகு அத்தையின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டான். அவர் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினாராம். எதற்காக நேர்ந்துகொண்டார் என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்றிருக்கிறார். இடுபணியில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. நான் மதிப்பெண் குறைக்கவில்லை.