ஆன்மாவுக்கும் ஒரு தேர்வு: 'நெவர் லெட் மீ கோ' வாசிப்புக் குறிப்பு

இந்தப் பருவத்தில் எங்களுக்கு டிஸ்டோபிய இலக்கியம் என்று ஒரு தாள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'-ஐ முடித்துவிட்டு, கசுவோ இஷிகுரோ 2005-ல் எழுதிய 'நெவர் லெட் மீ கோ' நாவலுக்கு வந்தோம். வகுப்பில் பேச்சு தொடங்கியதும் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "இவங்க ஏன் ஓடிப் போகல?" அந்தக் கேள்வியை முன்னால் வைத்துத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். நாவலின் கடைசிப் பக்கம் வரை பேச வேண்டியிருக்கிறது. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை நடப்பது 1990-களின் இறுதியில், இங்கிலாந்தில். நமக்குத் தெரிந்த இங்கிலாந்துதான். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மருத்துவம் அங்கே வேறு பாதையில் போயிருக்கிறது. உறுப்புகளை எடுப்பதற்கென்றே குளோனிங் முறையில் மனிதர்களை உருவாக்கி வளர்க்கிறார்கள். கேத்தி, ரூத், டாமி மூவரும் அப்படிப் பிறந்து ஹெயில்ஷாம் என்ற விடுதிப் பள்ளியில் வளர்கிறவர்கள். பள்ளி முடிந்ததும் ஒரு பழைய பண்ணை வீட்டில் கொஞ்ச காலம் இருக்கலாம். பிறகு 'பராமரிப்பாளர்' வேலை, அதாவது தங்களைப் போலவே உறுப்பு கொடுத்துக்கொண்டிருப்பவர்களைக் கவனித்துக்கொள்வது. அப்புறம் தங்கள் முறை வரும். நான்காவது முறையைத் தாண்டுவார் யாரும் இல்லை. கதையைச் சொல்கிற கேத்திக்கு 31 வயது, பராமரிப்பாளராகப் பதினொரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

'1984'-ல் வின்ஸ்டன் ஏன் தப்பிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. சுவரில் டெலிஸ்கிரீன், வெளியே சிந்தனைக் காவல்துறை. இங்கே அப்படி எதுவும் இல்லை. பள்ளியை விட்டு வந்தபின் காவல் கிடையாது. கேத்தி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுகிறாள். மார்க் ரொமனெக் 2010-ல் இதைப் படமாக எடுத்தபோது, பாத்திரங்களின் மணிக்கட்டில் ஒரு மின்னணுப் பட்டையைக் கட்டிவிட்டார். போகும்போதும் வரும்போதும் அதை ஒரு கருவியிடம் காட்ட வேண்டும். பார்வையாளருக்கு அது ஒரு சமாதானம். இஷிகுரோ அந்தச் சமாதானத்தைத் தரவில்லை.

அந்தப் பட்டையின் வேலையை நாவலில் முதலில் செய்வது சொற்கள். உறுப்பை எடுப்பதற்குப் பெயர் 'தானம்'. செத்துப்போவதற்குப் பெயர் 'நிறைவடைதல்'. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் யோசித்துப் பார்த்தால் இன்னும் உறைக்கிறது. தானம் என்றால் கொடுக்கிறவன் கையில் முதலில் பொருள் இருக்க வேண்டும், தர மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் வேண்டும். இவர்களுக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் தங்கள் சொல்லாகவே பேசுகிறார்கள். நன்றாகத் தாங்கிய கொடையாளர் என்று பெயர் வாங்குவதில் பெருமை கூட இருக்கிறது. தன் பொறுப்பில் இருந்தவர்கள் பதற்றமில்லாமல் இருந்தார்கள் என்று கேத்தி முதல் அத்தியாயத்திலேயே சொல்லிக்கொள்கிறாள். வேலையை ஒழுங்காகச் செய்கிறவளின் நியாயமான பெருமை அது. அந்தப் பெருமைதான் ஏற்பாடு முழுவதையும் ஓட வைக்கிறது.

அடுத்தது கனவுகளின் அளவு. ரூத்தின் பெரிய ஆசை ஒரு நவீன அலுவலகத்தில் வேலை பார்ப்பது. அதுவும் வழியில் கிடந்த ஒரு பத்திரிகை விளம்பரத்தில் பார்த்த அலுவலகம். பண்ணை வீட்டில் ஒரு வதந்தி உலவுகிறது: உண்மையாகவே காதலிக்கும் ஜோடி அதை நிரூபித்தால், தானத்தை மூன்று, நான்கு வருடம் தள்ளிவைப்பார்களாம். கவனியுங்கள், வதந்தியில்கூட விடுதலை இல்லை, தள்ளிவைப்புதான். கற்பனையே மனு எழுதும் பாணியில்தான் ஓடுகிறது. ஏன் ஓடவில்லை என்பதற்கு இதுவே பாதிப் பதில். ஓடிப்போக ஓர் இடம் மனசில் இருக்க வேண்டும். இவர்கள் மனசில் இருப்பது ஒரு விண்ணப்பப் படிவம்.

மீதிப் பதில் நல்லவர்களிடம் இருக்கிறது. நாவலில் என்னை அதிகம் உலுக்கியது அறுவை சிகிச்சை அல்ல, தலைமை ஆசிரியை மிஸ் எமிலி. ஹெயில்ஷாம் பிள்ளைகள் வரைந்தவற்றில் சிறந்ததை மேடம் என்ற பெண்மணி வந்து எடுத்துக்கொண்டு போவார். எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால்தான் வளர்ந்த டாமி, அந்த ஓவியங்களை வைத்துத்தான் யாருடைய காதல் உண்மை என்று தீர்மானிப்பார்கள் என ஒரு கணக்குப் போடுகிறான். சின்ன வயதில் ஓவியம் வராததால் கேலிக்கு ஆளானவன், இப்போது விதவிதமான கற்பனை மிருகங்களை நுணுக்கமாக வரைந்து நோட்டில் சேர்க்கிறான். மூன்று தானம் முடிந்த நிலையில் கேத்தியோடு போய் மேடத்தின் கதவைத் தட்டுகிறான். தள்ளிவைப்பு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்று அங்கே தெரிகிறது. ஓவியங்களை எடுத்தது, இந்தப் பிள்ளைகளுக்கும் ஆன்மா உண்டு என்று வெளியுலகத்துக்குக் காட்டுவதற்காக.

மிஸ் எமிலி இதைப் பெருமையோடு சொல்கிறார். பெருமைப்படக் காரணமும் உண்டு, மற்ற இடங்களில் குளோன்கள் வளர்ந்த நிலை இதைவிட எவ்வளவோ மோசம். ஆனால், ஆன்மா இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட இடத்திலேயே ஆட்டம் தோற்றுவிட்டது. ஓவியம் வராத பிள்ளைக்கு என்ன பதில்? வரையத் தெரியாத சிறுவன் டாமிக்கு ஆன்மா எத்தனை மதிப்பெண்? கேத்தி பார்த்துக்கொண்ட ஒரு நோயாளி, தான் வளர்ந்த இடத்தை நினைக்கவே விரும்பாதவன், சாகும் தறுவாயில் ஹெயில்ஷாம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறான், அதைத் தன் நினைவாக ஆக்கிக்கொள்வதற்காக. அவன் வரைந்த எதையும் யாரும் எடுத்துப் போய் யாருக்கும் காட்டியதில்லை. அவன் கணக்கிலேயே வரவில்லை.

இது இங்கிலாந்துக் கதை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஏழைப் பிள்ளைக்கு உதவி கேட்கும்போது "நல்லா படிக்கிற பிள்ளைங்க" என்று சேர்த்துத்தான் சொல்கிறோம். சுமாராகப் படிக்கிற பிள்ளைக்குப் பசிக்காதா? சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். மிஸ் எமிலியும் அப்படித்தான்.

இத்தனைக்கும் அந்த நிரூபணம் வெற்றிதான். கண்காட்சி நடந்தது, பெரிய மனிதர்கள் வந்தார்கள், பணம் வந்தது. பிறகு மார்னிங்டேல் என்ற விஞ்ஞானி, சாதாரண மனிதர்களைவிடத் திறமை கூடிய குழந்தைகளை உருவாக்க முயன்ற விஷயம் வெளியே வருகிறது. மக்கள் பயந்துபோகிறார்கள், ஆதரவு கரைகிறது, ஹெயில்ஷாமை மூடிவிடுகிறார்கள். புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று பழகிவிட்ட சமூகம் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதே மிஸ் எமிலியின் வாதம். ஆன்மா இல்லை என்று யாரும் மறுத்துப் பேசக்கூட இல்லை. இருந்தாலும் எங்களுக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. இதையெல்லாம் மிஸ் எமிலி ஒரே மூச்சில் விளக்கும் அத்தியாயம், துப்பறியும் கதையின் கடைசிக் கட்டம் மாதிரி இருக்கிறது. அதுவரை பாதி சொல்லி, பாதி மறைத்து நகர்ந்த நாவல் அங்கே விளக்கவுரையாகிவிடுகிறது. ஆனால் அதற்கு அடுத்து டாமி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, இருட்டில் வயல்வெளியில் நின்று கத்துகிறான். சின்ன வயதில் எல்லோரும் கேலி செய்த அதே கோபம். அந்த விளக்கத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே நேர்மையான பதில் அதுதான்.

அப்படியானால் கேத்தி கடைசிவரை பணிந்தே போகிறாளா? நடப்பைப் பார்த்தால் ஆமாம். டாமியும் இறந்தபின் நார்ஃபோக் பக்கம் ஒரு வயலோரம் கொஞ்ச நேரம் நிற்கிறாள், பிறகு காரைக் கிளப்பிப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறாள். ஆனால் அவள் யாரிடம் கதை சொல்கிறாள் என்று பாருங்கள். 'நீங்கள்' என்று அவள் கூப்பிடுவது உறுப்புகளை வாங்கிக்கொண்ட நம்மை அல்ல. வேறொரு இடத்தில் தன்னைப் போலவே வளர்ந்த இன்னொருவரை. அதனால் தனக்கு ஆன்மா இருக்கிறது என்று அவள் எங்கேயும் வாதாடுவதில்லை. தொலைந்துபோன ஒரு பாட்டு கேசட், பென்சில் பெட்டி, தோழியோடு போட்ட சண்டை என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அந்த நாவலில் யாரும் மதிப்பெண் போடுவதற்காக எடுத்துக்கொண்டு போகாத ஒரே படைப்பு அவளுடைய இந்தக் கதைதான்.

அடுத்த வகுப்பில் யாராவது மறுபடி "ஏன் ஓடிப் போகல?" என்று கேட்டால், பதிலுக்கு நான் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஏன் எப்போதும் அவர்களிடமே கேட்கிறோம்? சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களிடம் கேட்க நமக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லையே, ஏன்?