ஒன்பதா, நாற்பதா?

கிளாக் 19, கிளாக் 23 கைத்துப்பாக்கிகள் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தால், எது எதுவென்று அறிய ஸ்லைடில் பொறித்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அளவும் பிடியும் ஒன்றே. 19-இல் 9 மி.மீ. தோட்டா, மேகசினில் 15, 23-இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ, 13. அமெரிக்காவில் தற்காப்புக்கு எந்தக் காலிபர் என்று குழம்புகிறவர்களுக்கு இந்த ஜோடிதான் சரியான சோதனை. டெக்சாஸ் சுடுதளம் ஒன்றில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன்.

9 மி.மீ.யில் குண்டு வெளியேறியதும் முன்குறியின் வெள்ளைப் புள்ளி எழும்பி, பின்குறியின் 'ப' வடிவக் கோட்டுக்குள் தானாக வந்து உட்காருகிறது. .40-இல் புள்ளி பக்கவாட்டில் ஓடுகிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நிதானமாகச் சுட்டால் இரண்டும் நடுவில்தான் விழுகின்றன. வேகம் கூடியதும் .40-இன் துளைகள் சிதறின.

.40 பிறந்ததற்குக் காரணம் உண்டு. 1986-இல் மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். குற்றவாளி ஒருவன் மேல் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன் பிறகு எஃப்.பி.ஐ. கனமான உடைத்துணி போர்த்திய ஜெலட்டினில் சுட்டு, குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. 1990-இல் .40 வந்தது. ஆனால் குண்டு வடிவமைப்பு முன்னேறியதும், 2016-இல் அதே எஃப்.பி.ஐ. 9 மி.மீ. கிளாக்குகளுக்கே ஒப்பந்தம் போட்டது.

ஆகவே காலிபரைவிடத் தோட்டாவில்தான் கவனம் வேண்டும். முழுக்க உலோகம் போர்த்திய மலிவுத் தோட்டா பயிற்சிக்கு மட்டும். அது உடலைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பவர்மேலும் பாயலாம். ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் போன்ற ஹாலோ பாயின்ட் குண்டுகள் உள்ளே விரிந்து வேகம் இழக்கின்றன. விலை அதிகம்தான். ஆனாலும் இரண்டு பெட்டியாவது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஏறுகிறதா என்று பார்க்காமல் இடுப்பில் செருகாதீர்கள்.

என் தேர்வு கிளாக் 19, 124 கிரெய்ன் எச்.எஸ்.டி. வாங்குமுன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்; நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட்டை வெளியே கொண்டு செல்லக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது.