கல்லும் ஒளியும்

ஓவியத்துக்குச் சுவர் வேண்டும். கூத்துக்கு அரங்கு வேண்டும். இவ்விரண்டின் இயல்பையும் ஒருங்கே கொண்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே தோன்றிய கலையொன்று உண்டு. மலைச்சரிவையும் அணைக்கட்டையும் திரையாகக் கொண்டு, லேசர்க் கதிரால் அவற்றின்மேல் இயங்கும் உருவங்களைத் தீட்டும் ஒளிக்காட்சியே அது. விழாக்கால வேடிக்கை எனக் கருதி, இதனைத் திறனாய்வுக்குரிய பொருளாக அறிஞர் பலர் எண்ணுவதில்லை. ஆயினும், மக்கள் பெருந்திரளாகத் திறந்த வெளியில் அமர்ந்து கண்டு, தம் நாட்டின் வரலாறு இதுவே என மனங்கொண்டு வீடு திரும்பும் காட்சியொன்றை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுதல் தகுமோ என்பது ஆராயத்தக்கது.

லேசர் ஒளியை முதன்முதலிற் செயற்படுத்திக் காட்டியவர் தியடோர் மைமன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர். அது நிகழ்ந்தது 1960ஆம் ஆண்டில். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1973இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிறிபித் வானாய்வகக் கோளரங்கிலே ஐவன் டிறையர் என்பார் இசைக்கேற்ப லேசர்க் கோலங்களை ஆடவிட்டார். இவ்வாறு மண்டபத்துள் வளர்ந்த கலை பின்னர் வெட்டவெளிக்கு வந்தது. அதற்கு ஏதுவாயிருந்தது அக்கதிரின் இயல்பேயாகும். திரைப்படக் கருவியின் ஒளி, வில்லையினால் ஒரு குறித்த தூரத்திற் குவிக்கப்படுவது. திரை பெரிதும் மேடுபள்ளமாயின் படம் மங்கும். லேசர்க் கதிரோ நெடுந்தூரம் சென்றும் மிகுதியாக விரிவதில்லை. ஆதலின், கரடுமுரடான பாறையிலும் அதன் புள்ளி கூர்மை குன்றுவதில்லை. இரு சிறு ஆடிகளுள் ஒன்று கதிரை இடம்வலமாகவும் மற்றொன்று மேல்கீழாகவும் திருப்ப, அப்புள்ளி உருவத்தின் விளிம்பு வழியே விரைந்தோடுகின்றது. ஒரு நொடியிற் பன்முறை அது அவ்வாறு ஓடிவருதலால், கண் அதனைப் புள்ளியாகக் காணாது முழுக்கோடாகவே காண்கின்றது. கோட்டைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே செல்லின் உருவம் அசைகின்றது.

இங்கு ஒரு வரையறை உளது. கோடுகள் மிகுந்தால் அத்தனையையும் ஓடி முடிக்கப் புள்ளிக்குக் காலம் போதாது, உருவம் நடுங்கும். எனவே, சில கோடுகளாற் பலவற்றை உணர்த்தவல்லவனே இக்கலையில் வல்லவன் ஆவான். இச்சுருக்கம் ஓவியத்துக்கு அழகு தரும். வரலாற்றையும் அவ்வாறே சில கோடுகளிற் சுருக்க முற்படும்போதுதான் இடர் விளைகின்றது.

தொல்காப்பியர் அகப்பொருளை வகுக்குமிடத்து நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். பாட்டில் நிகழ்வன யாவும் நிலத்தின்மேல் நிற்பன. நிலம் பாட்டுக்குப் பின்னே தொங்கும் சீலையன்று. இக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், நிலக்காட்சியின்மேல் ஒளி தீட்டும் கலைக்கு ஒரு நெறி புலனாகும். மலையும் அணையும் எழுதாத பலகைகள் அல்ல. அவற்றின்மேல் மக்களின் வாழ்வும் இழப்பும் முன்னரே எழுதப்பட்டுள்ளன. அவற்றை மதித்து வரைகின்றதா, மறைத்து வரைகின்றதா என்பதே இக்கலையின் உரைகல் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் இரு காட்சிகளை இவ்வுரைகல்லில் வைத்து நோக்கலாம்.

முதலாவது, ஜோர்ஜியா மாநிலத்தில் அற்லாந்தா நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோன் மவுண்டன் என்னும் கல்மலையில் நிகழ்ந்தது. இம்மலையின் வடமுகத்தில் 90 அடி உயரமும் 190 அடி அகலமும் கொண்ட புடைப்புச் சிற்பமொன்று உளது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் தலைவர்களான ஜெபர்சன் டேவிஸ், றொபேட் லீ, ஸ்ரோன்வோல் ஜக்சன் என்னும் மூவரும் தொப்பியை மார்பில் அணைத்தவாறு குதிரைமேல் வீற்றிருக்கின்றனர். பிற்காலத்தில் றஷ்மோர் மலையைச் செதுக்கிப் புகழ்பெற்ற கட்சன் போர்க்ளம் இவ்வேலையை 1923இல் தொடங்கி, 1925இற் பிணங்கி வெளியேறினார். வேறொருவர் கையில் 1928இல் வேலை நின்றது. பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என உயர்நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபின், 1958இல் மாநில அரசு மலையை வாங்கிற்று. 1964இல் மீண்டும் உளி ஒலித்தது. 1972இல் வேலை நிறைவுற்றது. கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வன்முறை இயக்கம் 1915இல் மறுபிறப்பு எடுத்ததும் இம்மலையுச்சியிலேயாம். மாட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்ரனில் ஆற்றிய உரையில், விடுதலை முழங்கவேண்டிய இடங்களுள் ஒன்றாக இம்மலையைப் பெயர் சுட்டிக் கூறியது தற்செயலன்று.

இத்தகைய கல்லின்மேல் 1983இல் லேசர் ஒளி விழுந்தது. கோடைகால இரவுகளிற் பல்லாண்டுகள் தொடர்ந்த அக்காட்சியின் உச்சம் இதுவாகும்: சிற்பத்தின் விளிம்புகளை ஒளிக்கோடு மெல்லத் தொட்டு வருகின்றது, எல்விஸ் பிறெஸ்லியின் குரலில் தெற்கின் பாட்டும் வடக்கின் பாட்டும் இணைந்த இசை எழுகின்றது, கற்குதிரைகள் உயிர்பெற்றுப் பாய்கின்றன. பின்னர் லீ தன் வாளை முழந்தாளில் வைத்து முறிக்க, இரு துண்டுகளும் வடக்கும் தெற்குமாகி ஒரே நாடாய் ஒன்றுகின்றன.

கலைத்திறன் ஒன்றையே கருதின், குதிரைகள் அசையத் தொடங்கும் கணம் பாராட்டுக்குரியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இழுபட்ட உளிவேலையின் கோடுகளையே ஒளி மீண்டும் வரைந்து, கல் அடக்கிவைத்திருந்த ஓட்டத்தை வெளிக்கொணர்கின்றது. அவ்விடத்து ஒளியும் கல்லும் வேறுவேறாய் நிற்கவில்லை. வியப்பு என்னும் மெய்ப்பாடு பிறத்தற்கு இதனினும் சிறந்த வழி இல்லை எனலாம்.

ஆனால், அவ்வியப்பு எதற்கு ஏவல் செய்கின்றது என்று வினவும்போது குறை தோன்றுகின்றது. லீ வாளை முறித்தார் என்பது வரலாறு அன்று. 1865இற் சரணடைந்தபோது அதிகாரிகள் தத்தம் வாளை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டனர். லீயின் வாளும் அவரிடமே இருந்தது. கலைஞன் புனைந்துரைத்தல் குற்றமாகாது. புனைவு எதனை விடுத்தது என்பதே வினா. வாள் முறிகின்றது, நாடு ஒன்றுகின்றது. விலங்கு முறிந்த அடிமைகள் அச்சித்திரத்தில் இல்லை. போருக்குக் காரணமானவர்களை நீக்கிவிட்டுப் போர் தீர்ந்ததைக் காட்டுதல், நோயைக் கூறாது மருந்தின் இனிமையைப் பாடுதல் போலாகும். கண்ணீர் துளிர்க்க எழுந்து கைதட்டுவோர் நடுவே, அடிமைகளின் வழித்தோன்றல் ஒருவர் அமர்ந்திருப்பின் அவர் எம்மெய்ப்பாடு கொள்வார்? இவ்வினாவுக்கு அக்காட்சியில் இடமில்லை. அங்கே ஒளி கல்லைத் திறந்துகாட்டவில்லை. அதற்கு மெருகு பூசிற்று.

இரண்டாவது காட்சி வாஷிங்ரன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் கிராண்ட் கூலி அணையில் நிகழ்ந்தது. 1933இல் தொடங்கிய இவ்வணை 5,223 அடி நீளமும் 550 அடி உயரமும் உடையது. மின்னாற்றலும் பாசனமும் தந்து வறண்ட நிலத்தை விளைநிலமாக்கிற்று. அதே வேளையில், மீன் ஏறிச்செல்ல வழியின்றிக் கட்டப்பட்டமையால், மேலாற்றுக்குச் சென்ற சால்மன் மீன்களின் பயணத்தை முற்றாக நிறுத்திற்று. கொல்வில், ஸ்போக்கன் முதலிய முதுகுடிகள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த கெற்றில் அருவி நீருள் மறைந்தது. அதற்குமுன், 1940 ஜூன் மாதத்தில், அம்மக்கள் அருவிக்கரையிற் கூடி நிகழ்த்திய விடைபெறுதல் கண்ணீர்ச் சடங்கு என வழங்கலாயிற்று.

1980களின் இறுதியில் இவ்வணையின் முகத்திலே லேசர்க்காட்சி தொடங்கியது. வழியவிட்ட நீரின் வெண்மையே திரையாயிற்று. கதை கூறியது கொலம்பியா ஆற்றின் குரல். அவ்வாறு தன்னைத் தடுத்து நிறுத்திய மனிதரின் ஆற்றலைத் தானே மெச்சிப் பேசிற்று. அஃறிணைப் பொருளைப் பேசவைத்தல் பழைய இலக்கிய உத்தியே. ஆனால், கட்டுண்டவரின் வாயிற் கட்டியவரின் புகழை வைத்தல் உத்தியன்று, தந்திரம். நீரே திரையாகி, அத்திரையிலேயே நீரின் இழப்பு மறைக்கப்பட்டது என்பது இக்காட்சியின் முரண்.

எனினும், கதை இங்கே முடிந்துவிடவில்லை. 2014இற் பழைய காட்சி நீக்கப்பட்டு, ‘ஓர் ஆறு, பல குரல்கள்’ எனப் பொருள்படும் பெயருடன் புதியதொன்று அரங்கேறிற்று. ஆற்றின் ஒரே குரல் அகன்று, முதுகுடிகளின் நோக்கும் அணையின் வரலாற்றோடு இடம்பெற்றது. இழந்த அருவியை எந்த ஒளியும் மீட்டுத் தராது. ஆயினும், அணையால் வாழ்ந்தவரும் அணையால் இழந்தவரும் ஒரே சுவரின்மேல் தோன்றுதல் சிறிய மாற்றமன்று.

இவை குழந்தைகளோடு வந்து மகிழ்வதற்குரிய இரவுப் பொழுதுபோக்குகளே. இவற்றுக்கு இத்துணை ஆராய்ச்சி மிகை என்பாரும் உளர். அக்கூற்றிற் சிறிது உண்மை உண்டு, மகிழ்ச்சி இழிந்ததன்று. ஆயினும், பாடநூலில் வரும் பிழையை ஆசிரியர் திருத்துவர். இசையோடும் ஒளியோடும் இருளில் நெஞ்சிற் பதிந்த பிழையைத் திருத்துபவர் யார்? மகிழ்விக்கும் ஆற்றல் பெரிதாகும்தோறும் வாய்மை பற்றிய கடனும் பெரிதாகின்றது.

கல்லில் எழுத்து நிலையானது என்பது தமிழர் நன்கறிந்தது. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நிறுத்திப் பெயரும் பீடும் எழுதிய மரபு அவ்வுறுதியை நம்பியே எழுந்தது. அதன் மறுபக்கம் யாதெனில், கல்லில் எழுதிய தவறும் நிலைத்துவிடும் என்பதாம். ஜோர்ஜியாச் சிற்பத்தை அகற்றுதலை மாநிலச் சட்டமே தடுக்கின்றது. ஒளியின் இயல்போ இதற்கு மாறானது. ஒவ்வோர் இரவும் அழிந்து மறுநாள் புதிதாய் எழுதப்படுவது அது. இக்கலையின் குறை அதன் நிலையாமை என்று கூறுவர். உண்மையில் அதன் தனிச்சிறப்பே அந்நிலையாமைதான். கிராண்ட் கூலியில் ஒரு காட்சியை நீக்கி மற்றொன்றை எழுத முடிந்தது. மலையிலோ, ஒரு கோட்டை மாற்றவும் உளியால் இயலாது. திருந்த வல்ல கலை திருந்தாது கிடப்பின், குற்றம் கருவியின்மேல் இல்லை. அதனை இயக்கும் கையின்மேலேயே உளது.