ஆதிமூலம்: கோடும் முள்ளும்

காந்தி நூற்றாண்டான 1969இல் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் 'ஆன்மா'வைத் தேடும் நம் விமர்சனம் பேனா முள்ளைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வளையும் முள்ளைக் கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் இரு கால்களும் விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கி அழுத்தினால் தாள் கிழியும். ஆக, தடிப்பு என்பது கை போன திசைக்கும் விசைக்கும் சாட்சி. ஒரே தடிமனில் ஓடும் ரோட்ரிங் பேனா அதை அழித்துவிடுகிறது.

எழுபதுகளின் சிறுபத்திரிகைகள் கோட்டோவியத்தைக் கொண்டாடியது வெறும் அழகியல் தேர்வல்ல. புள்ளித்திரை பிளாக்கைவிடக் கோட்டு பிளாக் மலிவு. மட்டமான தாளிலும் பதியும் (மயிர்க்கோடுகளை மட்டும் அமிலம் தின்றுவிடும்). நம்மிடம் காசில்லாததும் அந்தக் கறுப்பு வெள்ளைக்குள் இருக்கிறது. இதைப் பேசாத 'கோட்டின் வீரியம்' சும்மா ஜபம்.

பெண்ணாடத்தில் வரையப் பழகும் பையன்கள் முள்ளைப் பற்றிக் கேட்கிறார்கள். கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பாருங்கப்பா. விரிஞ்சு உடனே மூடுற முள்தான் வேணும். அரக்கு கலந்த இந்தியன் இங்க் அதுல காயக்கூடாது.