பந்தமும் உறையும்

சித்திரக்கவி என்றவுடன் முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர்கள் உளர். ‘சொற்சிலம்பம், கவிதை அன்று’ என்பது அவர்தம் தீர்ப்பு. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நாற்கவியுள் ஒன்றாக இதனை எண்ணிய முன்னோரே ‘மிறைக்கவி’ என்றும் பெயரிட்டனர். பந்தங்களுட் பல பொருட்சுவையில் வறியன என்பதை யானும் மறுக்கவில்லை. ஆயினும் அத்தீர்ப்புப் பெரும்பாலும் படமில்லாத பதிப்பைப் படித்துச் சொல்லப்படுகிறது. என் குறை அதுவே.

நாகபந்தத்தை எடுத்துக்கொள்வோம். பின்னிக் கிடக்கும் பாம்பின் உடல் தன்னைத்தானே குறுக்கிடும் இடத்தில் ஓரெழுத்தே நிற்கும். போகும்போதும் வரும்போதும் அதுவே பயன்படும். ஆகவே படத்திலுள்ள எழுத்துகள் பாட்டிலுள்ளவற்றினும் குறைவு. புலவன் பட்ட பாடும் அடைந்த வெற்றியும் அந்தச் சந்திகளில்தாம் உள்ளன. வரிவரியாக அச்சிட்டால் சந்தி மறைகிறது. எஞ்சுவது சற்றே முடம்பட்ட வெண்பா. பிறகு அதனைப் பார்த்துச் சுவையில்லை என்கிறோம்! சம்பந்தரின் மாலைமாற்றுக்கு இவ்விடர் இல்லை. எப்படி அச்சிட்டாலும் திருப்பிப் படிக்கலாம். திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையோ எண்கள் ஏறியிறங்கும் தேர். தட்டுத் தட்டாக அடுக்கினாலன்றித் தேர் கண்ணுக்குத் தோன்றாது. 1929இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் மயூர பந்தமும் சதுரங்க பந்தமும் பாடியவர். இது செத்துப்போன பழங்கலை என்பாரும் இதனை நினைக்க வேண்டும்.

மேலை நாட்டில் இத்தகைய எழுத்தோவியங்களைத் தேடித் தொகுத்தோர் இந்தப் பிழையைச் செய்யவில்லை. ரூத், மார்வின் சாக்னர் என்னும் இணையர் மயாமிப் பகுதியில் 1979இல் தொடங்கிய தொகுப்பு, 2019இல் அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தது. அவர்கள் திரட்டியது பாட்டுகளை அன்று, தாள்களை. நியூயார்க்கில் ரே ஜான்சன் 1960களில் வளர்த்த அஞ்சற்கலை இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஒரு தாளை அனுப்பி, இதில் ஏதேனும் சேர்த்து இன்னாருக்கு அனுப்புக என்பார். அங்கே உறையும் முத்திரையும் முகவரியும் படைப்பின் உறுப்புகள். உறையைக் கிழித்தெறிந்தவன் படைப்பில் பாதியை எறிந்தவனாவான்.

இதைப் படிக்குந்தோறும் பேராவின் நினைவே எனக்கு வருகிறது. தோட்டத்து அலுவலகத்தில் கிராணியார் பெயர் கூப்பிட்டுக் கொடுத்த நீல நிற விமானக் கடிதங்கள் எத்தனை! உறையும் தாளும் அங்கே ஒன்று. இடம் போதாமல் விளிம்பைச் சுற்றியும், மடிப்பின் நாக்கிலும், தலைகீழாகவும் எழுதியிருப்பர். தாளைச் சுழற்றிச் சுழற்றித்தான் படிக்க வேண்டும். அதனைப் பந்தம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்து நிற்கும் இடமும் பொருள் தரும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் மாணவனுக்கு வேறில்லை.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயன்வீடுகளை விட்டுக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. தகரப் பெட்டிகளிற் சில உடன் வந்தன.

அப்பெட்டிகளைத் திறக்கும் ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். கடிதத்தைப் படியெடுத்துவிட்டு மூலத்தை விடாதீர். இருபுறமும் நிழற்படம் எடுத்துக்கொள்க. தபால்தலை சேர்க்கும் பிள்ளைகளின் கையில் கத்தரிக்கோலோடு கொடுக்கவே வேண்டாம். விமானக் கடிதத்தில் அஞ்சல் முத்திரை அச்சான மூலையை வெட்டினால், உட்புறத்தே ஊரிலிருந்து எழுதிய நாலு வரியும் கூடவே போய்விடும்.